ஜப்பானின் முகமூடி நாயகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்ட்ராமேன், கமென் ரைடர், சூப்பர் சென்டாய் ஆகிய ஜப்பானியத் தொலைக்காட்சி நாயகர்களைப் பற்றி நண்பர்களும், பிள்ளைகளின் கைபேசியில் இவர்களை முதன்முறையாகப் பார்த்த பெற்றோரும் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். "வைரல்" என்ற சொல் இணையத்தோடு பிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஜப்பானில் இந்த நாயகர்கள் பள்ளி மைதானங்கள் வழியாகவே நாடு முழுவதும் பரவியவர்கள். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

"டொகுசாட்சு" என்று சொல்கிறார்களே, அது என்ன?

"தொகுஷு சாட்சுஎய்" என்ற ஜப்பானியச் சொற்றொடரின் சுருக்கம் அது. சிறப்புப் படப்பிடிப்பு என்று பொருள். ரப்பர் உடைக்குள் மனிதர், அவர் காலடியில் நொறுங்கும் சின்னஞ்சிறு நகரம், மெல்லிய கம்பியில் தொங்கும் விமானம், நிஜமாகவே வெடிக்கும் வெடிமருந்து: இவற்றைக் கொண்டு எடுக்கப்படும் படங்களும் தொடர்களும் எல்லாம் டொகுசாட்சுதான். 1954-இல் வந்த காட்ஜில்லாவில் இந்தக் கலையை வளர்த்தெடுத்தவர் சுபுராயா எய்ஜி. ஃபுகுஷிமா மாநிலத்தின் சுககாவா ஊர்க்காரர். அவர் தொடங்கிய நிறுவனத்திலிருந்துதான் 1966-இல், பூதவிலங்குகளோடு மோதும் விண்வெளி நாயகனான அல்ட்ராமேன் வந்தான்.

இந்த வரிசையில் முதல் நாயகன் அல்ட்ராமேன்தானா?

இல்லை. தொலைக்காட்சியில் அவனுக்கு எட்டு ஆண்டுகள் மூத்தவன் "கெக்கோ கமென்", அதாவது நிலவொளி முகமூடி. 1958 பிப்ரவரியில் தொடங்கிய தொடர் அது. வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி, தோளில் பறக்கும் துணி, மோட்டார் சைக்கிள் ஆகியவைதான் அவனுடைய உடைமைகள். தொடக்கத்தில் வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பத்து நிமிடம் ஒளிபரப்பானது. தயாரிப்புக்குக் கிடைத்த பணம் மிகக் குறைவு. "வெறுக்காதே, கொல்லாதே, மன்னிப்போம்" என்பது அவனுடைய வாக்கு.

அங்கிருந்துதான் முதல் பித்து பிறந்தது. ஜப்பானிய வீடுகளில் பொருள்களை மூட்டை கட்டப் பயன்படும் "ஃபுரோஷிகி" என்ற சதுரத் துணியைக் கழுத்தில் முடிந்துகொண்டு பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். உயரத்திலிருந்து குதித்துக் காயப்பட்ட பிள்ளைகளும் உண்டு. இந்தத் தொடர்களைக் குறித்துப் பெற்றோர் கவலைப்படத் தொடங்கியது அன்றுதான். அந்தக் கவலை நியாயமானதே.

அல்ட்ராமேனால் ஏன் மூன்று நிமிடம் மட்டுமே சண்டையிட முடிகிறது?

கதைப்படி, பூமியில் அவனுடைய ஆற்றல் விரைவாகத் தீர்ந்துவிடும். மார்பில் உள்ள நீல விளக்கு சிவப்பாக மாறி, ஒலியெழுப்பியபடி துடிக்கும். விளக்கு அணைந்தால் அவன் மீண்டும் எழமாட்டான்.

கதைக்கு வெளியிலும் காரணம் இருக்கிறது. சிறப்புக் காட்சிகளுக்குப் பெரும் பணம் பிடித்தது. ஒரு மாதிரி நகரத்தைக் கட்ட நாள்கணக்கில் ஆகும், உடைக்க ஒரு நொடி போதும். அப்படிப்பட்ட சண்டையை அரைமணி நேரத் தொடரில் நெடுநேரம் நீட்ட வழியில்லை. அந்தக் குறையையே கதையின் உயிர்நாடியாக மாற்றினார்கள். விளக்கு துடிக்கத் தொடங்கியதும் பார்க்கும் பிள்ளையின் நெஞ்சும் சேர்ந்து துடித்தது. வண்ணத் தொலைக்காட்சி அரிதாக இருந்த காலம் அது. ஆனாலும் அந்தத் துடிப்பும் ஒலியும் கறுப்பு வெள்ளைப் பெட்டியிலேயே புரிந்தன. உருவத்தை வரைந்த ஓவியர் நரிதா தோருவுக்கு மட்டும் அந்த விளக்கு பிடிக்கவில்லை. தம்முடைய கலப்பற்ற வடிவத்தை அது கெடுக்கிறது என்று கடைசிவரை கருதினார். சூடான நீர் ஊற்றி மூன்று நிமிடம் காத்திருக்கும் கோப்பை நூடுல்ஸையும் அல்ட்ராமேனையும் சேர்த்துப் பேசுவது இன்றும் ஜப்பானில் வழக்கம்.

ஜப்பானியப் பிள்ளைகள் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடுவார்களாமே, அது என்ன விளையாட்டு?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அதற்குப் பெயர் ஜமீரா.

அல்ட்ராமேன் தொடரின் 23-ஆம் அத்தியாயத்தில் வரும் கைஜூ அது. கைஜூ என்றால் பூதவிலங்கு. ஜமீராவுக்குக் கழுத்தே கிடையாது. தலையும் தோளும் ஒன்றாகக் குவிந்து, வறண்ட களிமண் போல வெடித்திருக்கும். டி-சட்டையின் கழுத்துப்பட்டையை நெற்றிவரை இழுத்து முகத்தை மட்டும் வெளியே காட்டினால் அப்படியே ஜமீராதான். தலைமுறை தலைமுறையாக ஜப்பானியப் பள்ளிகளில் இதைச் செய்து சிரித்திருக்கிறார்கள். கழுத்துப்பட்டை தளர்ந்துவிட்டது என்று தாய்மார் திட்டியும் இருப்பார்கள்.

ஆனால் அந்த அத்தியாயத்தின் கதை சிரிப்பதற்கு உரியது அன்று. ஜமீரா முன்பு மனிதனாக இருந்தவன், ஒரு விண்வெளி வீரன். அவனுடைய கலம் தண்ணீரே இல்லாத ஒரு கோளில் சிக்கிக்கொள்கிறது. விண்வெளிப் போட்டியில் தோல்வியை ஒப்புக்கொள்ள விரும்பாத அவனுடைய நாடு, செய்தியை மறைத்து அவனைக் கைவிடுகிறது. அந்தக் கோளின் வறட்சியில் உடல் மாறிப் பூதமாகத் திரும்பி வருகிறான். அவன் மனிதன் என்பதை வெளியே சொல்லாமல் கைஜூவாகவே கொன்றுவிடுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஆணை வருகிறது. தண்ணீருக்காக ஏங்கி உருமாறியவனை அல்ட்ராமேன் தண்ணீரைப் பீய்ச்சியே கொல்கிறான். ஜமீரா சேற்றில் விழுந்து புரள்கிறான். வரிசையாக நிற்கும் நாடுகளின் கொடிகளை நோக்கிக் கையை நீட்டித் தவழ்கிறான். அப்போது எழும் குரல் ஒரு குழந்தையின் அழுகை போலவே இருக்கும். பிறகு அவனுக்குக் கல்லறை எழுப்பி, அழகான வாசகம் பொறிக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும், பூதங்களை எதிர்க்கும் படையைச் சேர்ந்த இடே என்ற வீரர், பலியானவர்களுக்கு எப்போதும் இப்படித்தான், வாசகம் மட்டும் அழகாக இருக்கும் என்ற பொருளில் கசந்து பேசுகிறார். அதோடு அத்தியாயம் முடிகிறது.

இயக்கியவர் ஜிஸ்ஸோஜி அகியோ, எழுதியவர் சசாகி மமோரு. தொடரின் முதன்மை எழுத்தாளர் கின்ஜோ தெத்சுவோ ஒகினாவாக்காரர். அப்போது ஒகினாவா அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது, 1972-இல்தான் ஜப்பானிடம் திரும்பியது. பிள்ளைகளுக்கான தொடர் என்பதற்காக இவர்கள் எதையும் மழுப்பவில்லை. சட்டையை இழுத்து விளையாடிய பிள்ளை வளர்ந்தபின் ஒருநாள் அந்த அத்தியாயத்தை மீண்டும் பார்க்கும்போது, தான் யாராக நடித்து விளையாடினோம் என்பது அப்போதுதான் தெரியவரும். என் மகனுக்கு இந்தக் கதையைச் சொன்ன இரவு, அவன் பனியனைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவனை ஏன் யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை?" என்று கேட்டான்.

"ஹென்ஷின்!" என்று கத்தும் வழக்கம் எப்படி வந்தது?

ஒரு விபத்திலிருந்து வந்தது.

கமென் ரைடர் 1971 ஏப்ரல் 3 அன்று தொடங்கியது. படைத்தவர் ஓவியக்கதைக் கலைஞர் இஷினோமொரி ஷோதாரோ, தயாரித்தது தோயெய் நிறுவனம். ஷாக்கர் என்ற தீய அமைப்பு ஹொங்கோ தகேஷி என்ற மாணவனைக் கடத்தி வெட்டுக்கிளி மனிதனாக மாற்றுகிறது. மூளையை மாற்றுவதற்குள் அவன் தப்பிவிடுகிறான். முதல் அத்தியாயங்களில் அவன் உருமாற எந்த அபிநயமும் இல்லை. மோட்டார் சைக்கிளில் விரையும்போது இடுப்புப் பெல்ட்டில் உள்ள விசிறி காற்றில் சுழல, உடல் மாறிவிடும்.

ஹொங்கோவாக நடித்த ஃபுஜியோகா ஹிரோஷி, படப்பிடிப்பில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். தொடரை நிறுத்த முடியாது. 14-ஆம் அத்தியாயத்தில் இரண்டாவது ரைடராக சசாகி தகேஷியைக் கொண்டுவந்தார்கள். அவருக்கோ அப்போது மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம் இல்லை. எனவே நின்ற இடத்திலேயே உருமாறியாக வேண்டும். இரு கைகளையும் உடலின் வலப்பக்கம் நீட்டி, தலைக்கு மேலாகச் சுழற்றி, இடப்பக்கம் கொண்டுவந்து முஷ்டியை மடக்கி நிறுத்தி, "ஹென்ஷின்!" என்று முழங்கினார். உருமாற்றம் என்று பொருள்.

நாடே அதைப் பிடித்துக்கொண்டது. காரணத்தை யோசித்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் விரைந்து உருமாறுவதை ஒரு பிள்ளையால் செய்து பார்க்க முடியாது. கையைச் சுழற்றிக் கத்துவதை எந்தப் பிள்ளையும் செய்யலாம். காசு வேண்டாம், கருவி வேண்டாம். ஒருவன் செய்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு உடனே தொற்றிக்கொள்ளும். ஃபுஜியோகா குணமாகித் திரும்பியபோது அவருக்கும் ஓர் அபிநயம் தேவைப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் எல்லாத் தொலைக்காட்சி நிலையங்களும் உருமாறும் நாயகர்களை இறக்கின. அந்தக் காலத்தை ஜப்பானியர் இன்றும் "ஹென்ஷின் அலை" என்றே அழைக்கிறார்கள். பொம்மை நிறுவனமான பண்டாயின் துணை நிறுவனம் பாப்பி, விளக்கெரிய விசிறி சுழலும் பொம்மைப் பெல்ட்டை விற்றது. பிள்ளையின் கை அசைவுக்கு ஒளியும் சேர்ந்துகொண்டது. இன்றும் ஒவ்வொரு புதிய ரைடரும் ஒரு புதிய பெல்ட்டோடுதான் வருகிறான்.

நொறுக்குத்தீனியைக் குப்பையில் போட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. கால்பீ நிறுவனம் 1971-இல் கமென் ரைடர் தீனியை 20 யென்னுக்கு விற்றது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பட அட்டை. மொத்தம் 546 வகை. பிள்ளைகள் அட்டையை எடுத்துக்கொண்டு, தீனியைப் பிரிக்காமலேயே சாக்கடையிலும் புதரிலும் எறிந்தார்கள். போர்க்காலப் பட்டினி நினைவில் இருந்த பெரியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. நாளிதழ்களில் செய்தியாகி, சமூகப் பிரச்சினையாகவே ஆயிற்று. அதே நிறுவனம் 1973-இல் பேஸ்பால் வீரர்களின் அட்டையோடு அடுத்த தீனியைக் கொண்டுவந்தது. அந்த வகை இன்றும் விற்கிறது.

ஐந்து வண்ணம் எதற்கு? மஞ்சள் வீரன் ஏன் எப்போதும் கறி சாப்பிடுகிறான்?

1975 ஏப்ரலில் தொடங்கிய "கோரெஞ்ஜர்" தொடர்தான் ஐவர் படையை நிலைநிறுத்தியது. சூப்பர் சென்டாய் வரிசையின் முதல் தொடர் அது, சென்டாய் என்றால் படை. அதுவும் இஷினோமொரியின் படைப்பே. நண்பர் ஐந்து பேர் கூடினால் ஆளுக்கொரு வண்ணம் கிடைக்கும், யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. சிவப்பு யாருக்கு என்ற சண்டை மட்டும் எந்தத் தெருவிலும் தீர்ந்ததில்லை.

அந்தத் தொடரின் மஞ்சள் வீரனுக்குக் கறிச் சோறு, அதாவது குழம்பு ஊற்றிய சோறு, என்றால் உயிர். தட்டுத் தட்டாகக் காலி செய்வான். அவனுக்குப் பின் வந்த மஞ்சள் வீரர்களில் கறிப் பிரியர்கள் மிகச் சிலரே. ஆனாலும் "மஞ்சள் என்றால் கறி" என்பது ஜப்பானியப் பேச்சில் பழமொழி போல ஒட்டிக்கொண்டது. தொடரையே பார்த்திராதவர்களும் அதைச் சொல்வார்கள். நம்முடைய "கறி" என்ற சொல் ஆங்கிலேயர் வாயிலேறி ஜப்பானுக்குப் போய் "கரே" ஆனது, அங்கே ஒரு முகமூடி வீரனின் தட்டில் அமர்ந்தது என்று எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பவர் ரேஞ்சர்ஸ் அமெரிக்கத் தொடர்தானே?

பாதி. 1993-இல் தயாரிப்பாளர் ஹைம் சபான் அமெரிக்காவில் அதைத் தொடங்கியபோது, 1992-இன் ஜப்பானியத் தொடரான "ஜூரேஞ்ஜர்" தொடரின் சண்டைக் காட்சிகளையும் இயந்திர மனிதக் காட்சிகளையும் அப்படியே எடுத்துக்கொண்டார். முகமூடி இல்லாத காட்சிகளில் மட்டும் அமெரிக்க நடிகர்கள். இதற்கு ஒரு தடயம் உண்டு. அமெரிக்கத் தொடரில் மஞ்சள் ரேஞ்சர் பெண், ஆனால் இளஞ்சிவப்பு ரேஞ்சரின் உடையில் உள்ள பாவாடை மஞ்சள் உடையில் இல்லை. ஏனென்றால் ஜப்பானில் அந்த மஞ்சள் வீரன் ஆண். தமிழ்க் குரலில் பவர் ரேஞ்சர்ஸ் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. அவர்கள் முகமூடிக்குள் பார்த்தது பெரும்பாலும் ஜப்பானியச் சண்டைக் கலைஞர்களைத்தான்.

பிரான்சில் 1980-களில் "பயோமேன்", பிரேசிலில் "ஜாஸ்பியன்" என வேறு தொடர்கள் இதே அளவுக்குக் கொண்டாடப்பட்டன. பிரேசிலில் ஜாஸ்பியனுக்குக் கிடைத்த புகழ் ஜப்பானில் கிடைத்ததைவிடப் பெரிது.

ஜப்பானிய ஸ்பைடர்மேன் என்று ஒரு துணுக்குக் காணொளி சுற்றுகிறதே?

அது போலி அன்று. 1978 மே முதல் 1979 மார்ச் வரை தோயெய் எடுத்த 41 அத்தியாயத் தொடர் அது. மார்வெல் நிறுவனத்தின் முறையான அனுமதியோடு எடுக்கப்பட்டது. உடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். நாயகன் யமாஷிரோ தகுயா என்ற மோட்டார் பந்தய வீரன். அவனிடம் லெயோபார்டன் என்ற மாபெரும் இயந்திர மனிதன் இருக்கிறான். ஒரு வாளை எறிந்தால் எதிரி காலி. "நரகத்திலிருந்து வந்த தூதன், ஸ்பைடர்மேன்!" என்று குனிந்து கைவிரித்து அவன் அறிவிக்கும் காட்சிதான் உங்களுக்கு வந்த துணுக்கு. மார்வெல் 2009-இல் இந்தத் தொடரைத் தன் இணையதளத்திலேயே வெளியிட்டபின் அது உலகெங்கும் பரவியது.

வேடிக்கைக்காகப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லெயோபார்டன் பொம்மை நன்றாக விற்றதால்தான் அடுத்த சென்டாய் தொடரில் இயந்திர மனிதன் நுழைந்தான். ஐவர் படைக்கு ஓர் இயந்திர மனிதன் என்ற இன்றைய இலக்கணத்துக்கு மூலம் இந்தத் தொடரே.

இணையக் காலத்தில் வைரல் ஆனவற்றில் ஒன்றைச் சொல்ல முடியுமா?

"ஒந்துரு மொழி"யைச் சொல்வேன். 2004 ஜனவரியில் "கமென் ரைடர் பிளேடு" தொடரின் முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது. தன்னைக் கைவிட்ட மூத்த வீரனைப் பார்த்து நாயகன் கதறுகிறான்: "ஹோந்தோனி உராகித்தாந்தெசுகா!" உண்மையிலேயே துரோகம் செய்துவிட்டீர்களா என்று பொருள். புதிய நடிகரின் உணர்ச்சி மிகுந்த குரலில் அது "ஒந்துருருராகித்தாந்திஸ்கா" என்று கேட்டது. நிச்சானெரு என்ற இணைய மன்றத்தில் அன்றே அது பற்றிக்கொண்டது. தெளிவாகக் கேட்காத மற்ற வசனங்களையும் திரட்டி, ஒந்துரு மொழிக்கு அகராதியே தொகுத்துவிட்டார்கள். கேலியாகத் தொடங்கியது நாளடைவில் பாசமாகக் கனிந்தது. அந்தத் தொடரின் முடிவைக் கண்டவர்களுக்கு அதன் நாயகனைக் கேலி செய்ய மனம் வராது.

2010-இல் "கமென் ரைடர் ஓஸ்" தொடர் வந்தபோது நாயகனின் பெல்ட்டே பாடியது. பருந்து, புலி, வெட்டுக்கிளி ஆகியவற்றின் ஜப்பானியப் பெயர்களை வெட்டி ஒட்டி "தாதோபா". பாடிய குரல் 1982-இன் "காவன்" தொடர்ப் பாடலைப் பாடிய குஷிதா அகிராவுடையது. இது என்ன பாட்டு என்று நாயகன் திகைக்க, கூட்டாளி "பாட்டைக் கண்டுகொள்ளாதே" என்கிறான். அந்த வசனமும் பரவிவிட்டது.

முகமூடிக்குள் யார்?

முகம் காட்டும் நடிகர் வேறு, உடைக்குள் இருப்பவர் பெரும்பாலும் வேறு. முதல் அல்ட்ராமேனின் உடைக்குள் இருந்தவர் ஃபுருயா பின் என்பவர். நெடிய, ஒல்லியான உடல்வாகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கைகளைக் குறுக்காக வைத்துக் கதிர் பாய்ச்சும் அந்த நிலையைக் கண்ணாடிமுன் நின்று நாள்தோறும் பழகினார். அடுத்த ஆண்டு "அல்ட்ராசெவன்" தொடரில் அவருக்கு முகம் தெரியும் வேடம் கிடைத்தது.

2001 முதல் 2019 வரை, ஓர் ஆண்டு தவிர, கமென் ரைடர்களின் முதன்மை உடைக்குள் இருந்தவர் தகாய்வா செய்ஜி. "டென்-ஓ" தொடரில் நாயகனின் உடலுக்குள் வெவ்வேறு ஆவிகள் புகும். ஒவ்வொன்றுக்கும் நடை வேறு, தோள் வேறு, நிற்கும் விதம் வேறு. முகத்தின் ஒரு தசைகூடத் தெரியாத நிலையில் யார் உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்த கணமே சொல்லிவிடலாம். கூத்துக் கலைஞர்களின் அடவுகளைக் கண்டு பழகிய நமக்கு அது எவ்வளவு கடினம் என்று புரியும்.

இது குழந்தைகளுக்கு மட்டும் உரியதா?

இல்லை. 2000-இல் "கமென் ரைடர் கூகா" வந்தபோது, பிள்ளைகளோடு உட்கார்ந்த தாய்மார்களும் கதைக்காகவும் நாயகனாக நடித்த ஒதகிரி ஜோவுக்காகவும் பார்க்கத் தொடங்கினார்கள். சதோ தகேரு, சுதா மசாகி போன்ற முன்னணி நடிகர்கள் ரைடர் தொடர்களிலிருந்து வந்தவர்களே. பெரியவர் இடுப்புக்கேற்ற விலையுயர்ந்த பெல்ட்டுகளையும் பண்டாய் விற்கிறது.

அனுமானும் அல்ட்ராமேனும் சேர்ந்து நடித்த படம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 1974-இல் தாய்லாந்தில் வெளியான படம். புத்தர் சிலையின் தலையைத் திருடும் கொள்ளையர் ஒரு சிறுவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். அல்ட்ரா குலத்தின் தாய் அவனை அனுமானாக உயிர்ப்பிக்கிறாள். பிறகு அனுமானும் அல்ட்ரா சகோதரர்களும் சேர்ந்து பூதங்களை எதிர்க்கிறார்கள். அதைத் தயாரித்த தாய்லாந்து நிறுவனத்துக்கும் சுபுராயா நிறுவனத்துக்கும் பின்னாளில் வெளிநாட்டு உரிமை குறித்து நெடிய வழக்கு நடந்தது. 2018-இல் அமெரிக்க நீதிமன்றம் சுபுராயா பக்கம் தீர்ப்பளித்தது.

மலேசியாவிலும் அல்ட்ராமேனுக்குப் பெரும் கூட்டம் உண்டு. அந்நாட்டின் "உபின் இபின்" தொடரில் தோன்றிய அல்ட்ராமேன் ரீபுத், அதாவது புயல், பிறகு ஜப்பானியத் தொடருக்குள்ளும் நுழைந்தான்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

புதிய அல்ட்ராமேன் தொடர்களைச் சுபுராயா நிறுவனமே தன் யூடியூப் அலைவரிசையில் துணைவசனங்களோடு வெளியிடுகிறது. சிறு பிள்ளைகளுக்கு அது போதும். பெரியவர்கள் முதல் அல்ட்ராமேனின் 23-ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள், பிறகு "கூகா".

ஜப்பான் போனால் எங்கே போகலாம்?

தோக்கியோவில் சோஷிகயா-ஓகுரா ரயில் நிலையத்தருகே அல்ட்ராமேன் சிலை நிற்கிறது. தோக்கியோ டோம் நகரில் 1971 முதல் நாயகர்களின் மேடை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. "பூங்காவில் என்னோடு கைகுலுக்க வா!" என்ற அவர்களின் விளம்பர அழைப்பு தெரியாத ஜப்பானியர் குறைவு.

முடிந்தால் மியாகி மாநிலத்தின் இஷினோமாகிக்குப் போய்வாருங்கள். ஆற்றுத் தீவொன்றில் இஷினோமொரியின் அருங்காட்சியகம் விண்கலம் போல உட்கார்ந்திருக்கிறது. 2011 மார்ச் சுனாமியில் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கியது, சுற்றியிருந்த கட்டிடங்கள் அடித்துச் செல்லப்பட்டன. 2012 நவம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வழிநெடுக அவருடைய நாயகர்களின் சிலைகள் நிற்கின்றன.